துவக்குக்கு வரி, சாராயத்துக்கு ஏலம்: புரன் அப்புவின் கண்டி

பாடசாலையில் வரலாறு படித்த எவருக்கும் 1848 என்றதும் ஒரு பட்டியல் நினைவுக்கு வரும். நாய் வரி, துவக்கு வரி, கடை வரி, வீதி வரி. பரீட்சைக்கு முதல் நாள் மனனம் செய்து, மறுநாள் எழுதிவிட்டு மறந்துபோகும் பட்டியல் அது. அதன் கீழே இரண்டு பெயர்கள் இருக்கும்: கொங்காலேகொட பண்டா, வீர புரன் அப்பு. தமிழ் மாணவர்களாகிய எங்களுக்கு அவை யாரோ ஒருவருடைய வீரர்களின் பெயர்கள். அந்தப் பட்டியலில் துவக்கு ஏன் வந்தது, அந்தத் துவக்கு யாருடைய வீட்டில் இருந்தது என்று நாங்கள் கேட்டதில்லை. ஆசிரியரும் சொன்னதில்லை.

துவக்கோடு முப்பது வருடங்கள் வாழ்ந்து முடித்த பிறகு அந்தக் கேள்வியைக் கேட்கத் தோன்றுகிறது. ஒரு கமக்காரன் காவலுக்கு வைத்திருக்கும் துவக்குக்கு யார் பொறுப்பு? அதற்கு அனுமதிப்பத்திரம் கொடுக்கும் அரசு, தன் கையிலுள்ள துவக்குகளுக்கு எந்த அளவில் பொறுப்பேற்கிறது? இடையில் சாராயம் எங்கே வருகிறது? இந்தக் கேள்விகள் ஒன்றாகச் சந்தித்த ஒரு வாழ்க்கை புரன் அப்புவுடையது. அது 1848 ஓகஸ்ட் 8ஆம் திகதி கண்டி போகம்பறையில் முடிந்தது.

மொறட்டுவையிலிருந்து மலைக்கு

புரன் அப்புவின் இயற்பெயர் வீரஹென்னதிகே பிரான்சிஸ்கோ பெர்னாண்டோ. 1812 நவம்பர் 7ஆம் திகதி மொறட்டுவையின் உயன பகுதியில் பிறந்தவர். கண்டி இராச்சியத்தின் வீரர் என்று இன்று கொண்டாடப்படுபவர் கண்டியர் அல்லர். கரையோரச் சிங்களவர், கத்தோலிக்கப் பெயர் தாங்கியவர், கரையார் சமூகத்தைச் சேர்ந்தவர். அவர் பிறந்தபோது கண்டியில் இன்னும் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் ஆண்டுகொண்டிருந்தான். அவருக்கு இரண்டு வயதும் சில மாதங்களும் ஆனபோது, 1815இல், அந்த அரசன் பிடிபட்டு இராச்சியம் பிரித்தானியர் கைக்குப் போனது.

பதின்மூன்று வயதளவில் அவர் ஊரைவிட்டுப் போனார். இரத்தினபுரியில் புறொக்டராக இருந்த நெருங்கிய உறவினரின் வீட்டில் கொஞ்சக்காலம் தங்கினார். பிறகு ஊவாப் பக்கம் போனார். அதற்குப் பிந்திய இருபது வருடங்கள் தெளிவாக எழுதப்பட்டவை அல்ல. ஒரு இடத்தில் தரிக்காத வாழ்க்கை, களவு, கொள்ளை, சிறை, தப்பியோட்டம் என்று அவை போகின்றன. அவரைக் கொண்டாடுகிறவர்கள் அந்த வருடங்களை வேகமாகக் கடந்துவிடுவார்கள். பிரித்தானிய அதிகாரிகள் அந்த வருடங்களை மட்டுமே பார்த்தார்கள்.

1847 ஜனவரியில் காலனித்துவச் செயலாளர் எமர்சன் டெனன்டின் பெயரில் ஓர் அறிவித்தல் வந்தது. கொள்ளைக் குற்றத்துக்காகத் தேடப்படும் புரன் அப்புவைப் பிடித்துத் தருபவருக்கு 10 பவுண் சன்மானம். ஆளை அடையாளம் காண, வயது 34, சுருண்ட முடி, கட்டான உடல், பார்வைக்கு நல்ல தோற்றம், முதுகில் தண்டனைத் தழும்பு என்று விபரம் தரப்பட்டிருந்தது. கசையடியை முன்பே வாங்கியிருந்த மனிதர் என்பதை அந்த அறிவித்தலே சொல்லிவிட்டது.

அந்த வருடத்தில் அவர் கண்டிக்கு அருகே குண்ணேபனை ஆராச்சியின் மகள் பண்டார மெனிக்கேயைத் திருமணம் செய்தார். கரையோரத்தான் ஒருவன், தலைக்கு விலை வைக்கப்பட்டவன், மலைநாட்டுக் கிராமத் தலைவர் ஒருவரின் மருமகனானான். மலைநாட்டில் அவருக்குக் கிடைத்த இடத்தை இந்தத் திருமணம் காட்டுகிறது.

ஏலம் போன சாராயம்

மொறட்டுவையிலிருந்து கண்டி மலைக்குப் போனவர் புரன் அப்பு மட்டுமல்ல. அதே ஊரில் 1797இல் பிறந்த ஜெரோனிஸ் த சொய்சாவும் போனார். அவர் போனது வியாபாரத்துக்காக. அந்த வியாபாரத்தின் முக்கியமான பகுதி சாராயம்.

கண்டி இராச்சியத்தில் மது ஒழுக்கக்கேடாகவே பார்க்கப்பட்டது. பஞ்ச சீலத்தின் ஐந்தாவது சீலம் அது. யாரும் குடிக்கவில்லை என்பதல்ல. கித்துள் கள்ளு மலைநாட்டில் எப்போதும் இருந்தது. ஆனால் குடியைப் பரப்பி அதிலிருந்து திறைசேரியை நிரப்பும் ஏற்பாடு அங்கே இருக்கவில்லை. பிரித்தானியர் ஆட்சியில் அது வந்தது. தென்மேற்குக் கரையோரத்தில் தென்னங்கள்ளிலிருந்து வடித்த சாராயம் வண்டியேறி மலைக்கு வந்தது. ஒவ்வொரு பகுதியிலும் சாராயம் விற்கும் தனியுரிமையை அரசு ஏலத்தில் விட்டது. கூடிய விலைக்குக் கேட்டவர் குத்தகைக்காரரானார். அவர் கொடுத்த பணத்தை மீட்க வேண்டும். ஆகவே தவறணைகள் கூட வேண்டும், குடிப்பவர்களும் கூட வேண்டும். கோப்பித் தோட்டங்கள் பெருகிய முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் அந்த ஏலம் அரசின் பெரிய வருமானங்களில் ஒன்றாக இருந்தது.

சொய்சா குடும்பம் அந்தத் தொழிலிலும் கோப்பியிலும் உயர்ந்தது. ஹங்குரன்கெத்தவில் பழைய அரச தோட்டத்தை ஜெரோனிஸ் விலைக்கு வாங்கினார். 1853இல் கேட் முதலியார் பட்டம் பெற்றார். பின்னாளில் மொறட்டுவையில் தேவாலயம் கட்டினார். அவருடைய மகன் சார்ள்ஸ் ஹென்றி த சொய்சா நாட்டின் பெரிய கொடையாளிகளில் ஒருவரானார். அந்தக் குடும்பத்தை இங்கே குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. சட்டம் அனுமதித்த தொழிலைத்தான் அவர்கள் செய்தார்கள். ஒரே ஊரிலிருந்து மலையேறிய இருவரில் ஒருவர் தவறணை ஏலத்தில் பணம் கட்டினார், மற்றவர் கையில் ஆயுதம் எடுத்தார். ஆட்சிக்கு முதலாமவர் தேவைப்பட்டார்.

சாராயம் படைமுகாமுக்குள்ளும் இருந்தது. இலங்கையிலிருந்த பிரித்தானியப் படையினருக்கு நாளாந்தப் பங்கீட்டில் அரிசி, இறைச்சியோடு சாராயமும் கொடுக்கப்பட்டது. 1815இல் கண்டி பிடிபட்ட பிறகு சில ஆண்டுகள் அங்கே பணியாற்றிய படை மருத்துவர் ஹென்றி மார்ஷல் இதைக் கண்ணால் பார்த்தவர். நோயும் சண்டையும் ஒழுங்கீனமும் தண்டனையும் அந்த அன்றாட மடக்கிலிருந்து எப்படி வளர்கின்றன என்பதைப் பின்னர் விரிவாக எழுதினார். குடிக்காதவனுக்கும் கொடுத்துக் குடிகாரனாக்கி, பிறகு குடித்ததற்காகக் கசையால் அடிக்கும் முறை இது என்பது அவருடைய வாதத்தின் சாரம். அவருடைய முயற்சியும் சேர்ந்து 1830 அளவில் படையினருக்கு வேறுபாடின்றிச் சாராயம் வழங்கும் வழக்கம் நிறுத்தப்பட்டது. துவக்கு வைத்திருப்பவன் கையில் மதுவைக் கொடுக்கக்கூடாது என்று கண்டி மலையில் முதலில் விளங்கிக்கொண்டவர்களில் ஒரு பிரித்தானியப் படை மருத்துவரும் இருந்தார். அவர் அதைக் கிராமத்தவர்களைப் பார்த்துக் கற்கவில்லை. தன்னுடைய படையைப் பார்த்துக் கற்றார்.

இரண்டு ஷில்லிங் ஆறு பென்ஸ்

1847 மே மாதம் புதிய ஆளுநர் டொரிங்டன் பிரபு கொழும்பில் இறங்கினார். பிரித்தானியப் பிரதமர் ஜோன் ரசலின் உறவினர். காலனி ஒன்றை ஆண்ட அனுபவம் இல்லாதவர். அவரும் 1812இல் பிறந்தவர்தான். புரன் அப்புவைவிட இரண்டு மாதங்கள் மட்டும் மூத்தவர். மறுவருடம் இருவரும் எதிரெதிரே நின்றபோது இருவருக்கும் வயது 35.

ஆளுநர் வந்தபோது திறைசேரி வறண்டிருந்தது. பிரித்தானியாவில் 1847இல் வந்த வர்த்தக நெருக்கடியில் கோப்பி விலை விழுந்தது. தோட்டத்துரைமார் நொடிந்தார்கள். அவர்களுக்கு ஆறுதலாக ஏற்றுமதித் தீர்வை நீக்கப்பட்டது. அந்த ஓட்டையை அடைக்க நேரடி வரிகள் வந்தன. வருடத்துக்கு இரண்டு ஷில்லிங் ஆறு பென்ஸ் கட்டித் துவக்குக்கு அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். நாய்க்கு ஒரு ஷில்லிங். கடைக்கு ஒரு பவுண். வண்டிக்கும் வள்ளத்துக்கும் தனி வரி. அதற்கு மேல், வருடத்தில் ஆறு நாட்கள் வீதி வேலை. போக முடியாவிட்டால் மூன்று ஷில்லிங்.

மலைநாட்டுக் கிராமத்தவனுக்குத் துவக்கு என்ன? கண்டிய கொல்லர்கள் தலைமுறை தலைமுறையாகத் துவக்கு செய்தார்கள். அவர்களுடைய வேலைப்பாட்டை ஐரோப்பியர்களே வியந்தார்கள். 1765இல் ஒல்லாந்தர் கண்டியிலிருந்து கொள்ளையடித்துப்போன அலங்காரப் பீரங்கி ஒன்று, அம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்திலிருந்து 2023 டிசம்பரில்தான் இலங்கைக்குத் திரும்பியது. ஆனால் 1848இல் ஒரு சாதாரண வீட்டின் முகட்டில் செருகியிருந்த துவக்கு அரண்மனைப் பொருள் அல்ல. அது யானைக்கும் பன்றிக்கும் எதிரான காவல். காட்டோரத்துச் சேனையில் ஓர் இரவு கவனிக்காமல் விட்டால் ஆறு மாத உழைப்பு போய்விடும். நாயும் அதே காவலின் மற்றப் பாதி. ஆகவே துவக்குக்கும் நாய்க்கும் ஒரே நேரத்தில் வரி என்றபோது, தன் பயிரைக் காப்பதற்கே தண்டம் கட்டச் சொல்கிறார்கள் என்று அவன் விளங்கிக்கொண்டான். அதற்கு முன்பே, 1840இன் முடிக்குரிய காணிச் சட்டத்தால், அவனுடைய மாடு மேய்ந்த காடும் சேனை வெட்டிய மேடும் கோப்பித் தோட்டங்களாகியிருந்தன.

துவக்குகளுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும் என்ற எண்ணத்தில் தவறில்லை. எந்த ஊரிலும் யாரிடம் துவக்கு இருக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். கோபக்காரன், குடிகாரன், மனம் தளம்பியவன் கையில் அது போகாமல் பார்க்க ஒரு முறை வேண்டும். ஆனால் டொரிங்டனின் சட்டம் கேட்டது அரைக் கிரவுணை. கட்டியவன் நல்லவன், கட்டாதவன் குற்றவாளி. துவக்கை எப்படி வைத்திருக்கிறான், யார் கையில் கொடுக்கிறான், குடித்துவிட்டுத் தொடுகிறானா என்பதெல்லாம் அந்த வரியின் கணக்கில் வரவில்லை. அந்த அரசே மறுபக்கத்தில் தவறணைகளை ஏலம் விட்டுக்கொண்டிருந்தது. துவக்கும் வருமானம், சாராயமும் வருமானம்.

1848 ஜூலை 6ஆம் திகதி கிராமத்தவர்கள் கண்டியில் திரண்டார்கள். தலதா மாளிகைப் பக்கமிருந்து கச்சேரிக்குப் போய்த் தங்கள் எதிர்ப்பைச் சொன்னார்கள். அதற்குத் தலைமை தாங்கியவர்களில் கொங்காலேகொட பண்டாவும் ஒருவர். கொழும்பில் 'ஒப்சேர்வர்' பத்திரிகையை நடத்திய அயர்லாந்து மருத்துவர் கிறிஸ்தோபர் எலியட் புதிய வரிகளைக் கண்டித்து எழுதினார். அது சிங்களத்திலும் பரவியது. மனுக் கொடுத்தவர்களுக்கு விளக்கம் கிடைத்தது, தீர்வு கிடைக்கவில்லை.

தம்புள்ளையிலிருந்து மாத்தளைக்கு

ஜூலை 26ஆம் திகதி தம்புள்ளை விகாரையில் கிரானேகம தேரர் கொங்காலேகொட பண்டாவுக்கு முடிசூட்டினார். கண்டிக்கு மீண்டும் ஓர் அரசன். புரன் அப்புவுக்கு வாளேந்தும் பதவியும் முதல் அமைச்சர் என்ற தகுதியும் கிடைத்தன. பத்துப் பவுண் சன்மானத்துக்குத் தேடப்பட்டவர், ஒன்றரை வருடத்தில் ஓர் அரசனின் வலக்கையானார்.

இரண்டு நாட்களுக்குப் பிறகு அந்தப் படை கண்டியைப் பிடிக்கத் தம்புள்ளையிலிருந்து மாத்தளை வழியாகப் புறப்பட்டது. இந்த வீதி எங்களுடைய வரலாற்றிலும் இருக்கிறது. அதே நாற்பதுகளில் இந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டைக் கடந்து, தம்புள்ளை, மாத்தளை வழியாகக் கண்டிச் சீமைக் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்தார்கள். வழியில் கொள்ளைநோயிலும் பசியிலும் விழுந்தவர்கள் ஏராளம். சிங்களக் கிராமத்தவனின் காணியைப் பிடித்த தோட்டமும், தமிழ்த் தொழிலாளியின் உயிரைக் குடித்த தோட்டமும் ஒன்றுதான். ஒரே வீதியில், ஒரே காலத்தில் நடந்தும், இரு சாராரும் ஒருவரை ஒருவர் தங்கள் ஆளாகக் கண்டதில்லை.

ஜூலை 28ஆம் திகதி கூட்டம் மாத்தளைக்குள் புகுந்தது. கச்சேரி தாக்கப்பட்டது. வரிப் பதிவேடுகள் எரிக்கப்பட்டன. அதோடு நிற்கவில்லை, கடைத்தெரு சூறையாடப்பட்டது. பதிவேட்டை எரித்தது அரசியல். கடைக்காரனின் பெட்டியை உடைத்தது அரசியல் அல்ல. துவக்கு, வாள், பொல்லு என்று கையில் கிடைத்ததோடு வந்த ஒரு கூட்டத்துக்குப் பயிற்சியும் இல்லை, கட்டளைக் கட்டுப்பாடும் இல்லை. கிளர்ச்சிக்காரர்களை நேசித்து எழுதுகிறவர்கள் இதைத் தவிர்ப்பார்கள். போரைப் பார்த்த எங்களுக்கு இது தெரியும். ஆயுதம் ஏந்திய கையில் நியாயம் இருந்தாலும், அந்தக் கையை நிறுத்த ஒருவர் இல்லாவிட்டால் முதலில் அடிபடுவது பக்கத்துக் கடைக்காரன்தான்.

கண்டியிலிருந்து கப்டன் லில்லியின் தலைமையில் ஒரு படை மாத்தளை நோக்கி விரைந்தது. அந்தப் படையான சிலோன் றைபிள்ஸ் ரெஜிமெண்டில் பெரும்பாலானவர்கள் மலாய்ப் படையினர். ஜூலை 29ஆம் திகதி வாரியபொல கோப்பித் தோட்டத்தருகே மோதல் நடந்தது. பயிற்சி பெற்ற படைக்கு முன்னால் வேட்டைத் துவக்குகள் நிற்கவில்லை. கூட்டம் சிதறியது. முழுக் கிளர்ச்சியிலும் பிரித்தானியப் படையில் ஒருவர் காயப்பட்டதாகவே பதிவு. கிளர்ச்சிக்காரர் பக்கத்தில் சுமார் 200 பேர் இறந்தார்கள்.

அதே நாளில் கண்டியில் இராணுவச் சட்டம் அறிவிக்கப்பட்டது. சண்டை ஓரிரு நாட்களில் ஏறத்தாழ முடிந்துவிட்டது. இராணுவச் சட்டம் ஒக்டோபர் 10 வரை நீடித்தது.

போகம்பறை

புரன் அப்பு பிடிபட்டுக் கண்டிக்குக் கொண்டுவரப்பட்டார். இராணுவ நீதிமன்றம் அவரை விசாரித்தது. ஜூரி இல்லை, மேன்முறையீடு இல்லை. ஓகஸ்ட் 8ஆம் திகதி போகம்பறை வாவிக்கரையில் அவரை நிறுத்திச் சுட்டார்கள். மோதல் நடந்து பத்து நாட்கள்தான் ஆகியிருந்தன.

அவருடைய கடைசி நேரத்தைப் பற்றி நமக்குத் தெரிவது பெரும்பாலும் அவரைச் சுட உத்தரவிட்டவர்கள் மூலம்தான். அரசனுக்குத் தன்னைப் போல இன்னும் அரை டசின் பேர் தலைமைக்கு இருந்திருந்தால் மலைநாட்டில் ஒரு வெள்ளையனும் உயிரோடு இருந்திருக்க மாட்டான் என்று அவர் கையை உயர்த்திச் சொன்னதாக டொரிங்டனே லண்டனுக்கு எழுதினார். எதிரியின் கடிதத்தில்தான் அவருடைய துணிவு தப்பிப் பிழைத்தது.

அவரோடு முடியவில்லை. இராணுவ நீதிமன்றத் தீர்ப்பின்படி 18 பேர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். ஓகஸ்ட் 26ஆம் திகதி குடாபொல தேரர் காவியுடையோடு சுடப்பட்டார். கிராமத்தவர்களின் சொத்துகள் பறிமுதல் செய்யப்பட்டன. செப்டெம்பர் 21ஆம் திகதி எல்கடுவவில் பிடிபட்ட கொங்காலேகொட பண்டா சாதாரண நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டார். தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டு, பிறகு நூறு கசையடியும் நாடுகடத்தலுமாக மாற்றப்பட்டது. அவர் மலாக்காவுக்கு அனுப்பப்பட்டு அடுத்த வருடமே இறந்தார். தன்னை அரசன் என்று அறிவித்தவரைச் சாதாரண நீதிமன்றம் உயிரோடு விட்டது. அவருடைய வாளேந்தியை இராணுவ நீதிமன்றம் கொன்றது. இருவருக்கும் இடையில் இருந்த வேறுபாடு குற்றத்தின் அளவு அல்ல. எந்த நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டார்கள் என்பதுதான். அவசரகாலச் சட்டத்தின் கீழும் பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் கீழும் பிள்ளைகளைக் கொடுத்த குடும்பங்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்கத் தேவையில்லை.

பிரதம நீதியரசர் அந்தனி ஒலிபன்ட் தண்டனைகளில் இரக்கம் வேண்டும் என்று நின்றார். எலியட்டின் பத்திரிகை விடாமல் எழுதியது. செய்தி லண்டனை எட்டி, பிரித்தானியப் பாராளுமன்றத்தின் பொதுச்சபை ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. 1850இல் டொரிங்டன் திருப்பி அழைக்கப்பட்டார். டெனன்டும் பதவியிழந்தார். புதிய வரிகளில் பெரும்பாலானவை கைவிடப்பட்டன. வீதி வேலைச் சட்டம் நின்றது. சாராய ஏலமும் நின்றது. டொரிங்டன் தன் நாட்டில் பிரபுவாகவே வாழ்ந்து 1884இல் இறந்தார். அவரைவிட இரண்டு மாதம் இளையவரான புரன் அப்பு இறந்து அப்போது 36 வருடங்கள்.

முகட்டில் செருகிய துவக்கு

இன்று புரன் அப்பு தேசிய வீரர். 1978இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் அவரைப் பற்றித் திரைப்படம் எடுத்தார். சிலைகளும் நினைவு நாட்களும் உண்டு. கொள்ளைக்காரர் என்ற பழைய அறிவித்தலை அந்தச் சிலைகள் மறைத்துவிட்டன. அப்படி மறைக்க வேண்டிய தேவை இல்லை. துவக்கை முதலில் தன் தேவைக்கு எடுத்த ஒருவர், பிறகு ஊரின் கோபத்துக்காக எடுத்தார். இரண்டும் அவரே. எங்களுடைய ஊர்களிலும் அப்படி மாறியவர்களையும், திரும்பி மாறியவர்களையும் நாங்கள் பார்த்திருக்கிறோம்.

இந்த நாட்டின் துவக்கு அனுமதிப்பத்திரம் இன்று 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க சுடுபடைக்கலக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நடக்கிறது. வருடந்தோறும் புதுப்பிக்க வேண்டும். பயிர்க் காவலுக்கான துவக்கு மாவட்டச் செயலகத்தின் வழியே வருகிறது. டொரிங்டனின் வரியைவிட இது சீரானது. ஆனால் பதிவேட்டுக்கு இன்னொரு முகமும் இருந்ததை எங்கள் தலைமுறைக்கு முந்தியவர்கள் அறிவார்கள். தெற்கில் 1971இலும் 1987க்குப் பிறகும் ஜே.வி.பி. கிராமத்து வீடுகளின் வேட்டைத் துவக்குகளைத் தேடித் தேடி எடுத்தது. வடக்கில் எண்பதுகளில் சில இடங்களில் பொலிஸ் நிலையத்தில் ஒப்படைக்கச் சொன்னார்கள். சில இடங்களில் இயக்கங்கள் படலையில் வந்து வாங்கிப்போயின. பன்றி சுட வைத்திருந்த துவக்கு, எவருடைய கணக்கில் எங்கே போனது என்று தெரியாமல் போனது. அதைக் கொடுத்ததற்கும் அடி, கொடுக்காததற்கும் அடி.

போர் முடிந்து மீள்குடியேறிய இடங்களில் யானையும் பன்றியும் குரங்கும் திரும்பி வந்திருக்கின்றன. துவக்கு திரும்பி வருவது அவ்வளவு எளிதாக நடக்கவில்லை. அதன் இடத்தைக் கட்டுத்துவக்கு பிடிக்கிறது. காட்டுப் பாதையில் கயிறு கட்டி வைத்த சட்டவிரோதத் துவக்குக்கு விலங்கும் மனிதனும் ஒன்று. விறகுக்குப் போனவர், தேனெடுக்கப் போனவர், மாடு தேடிப் போன சிறுவன் என்று எவர் காலும் அந்தக் கயிற்றில் தட்டுப்படலாம். அனுமதி எட்டாத உயரத்தில் இருந்தால் மக்கள் துவக்கைக் கைவிடுவதில்லை, பொறுப்பில்லாத துவக்குக்கு மாறுகிறார்கள். 1848இல் வரி கட்ட மறுத்தவர்கள் சொன்னதும் ஒரு வகையில் இதுதான்.

அனுமதி கிடைத்தவர்களின் பக்கத்திலும் ஒரு கேள்வி இருக்கிறது. வயற் காவலுக்குப் போகும்போது குளிருக்கு என்று அரைப் போத்தல் கூடப் போவது எங்கள் ஊர்களில் புதிதல்ல. பரணில் இரண்டு பேர், ஒரு போத்தல், ஒரு துவக்கு. இருட்டில் சலசலப்புக் கேட்கிறது. பன்றியா, வரம்பில் வரும் பக்கத்துக் காணிக்காரனா என்று நிதானிக்கத் தெளிந்த கண்ணுக்கே சில விநாடிகள் வேண்டும். மது முதலில் எடுத்துக்கொள்வது அந்தச் சில விநாடிகளைத்தான். வரம்புச் சண்டையோ, பழைய கோபமோ, கலியாண வீட்டு வாய்த்தர்க்கமோ, போதையில் கையெட்டும் தூரத்தில் துவக்கு இருந்தால் கைகலப்பாக முடிய வேண்டியது கொலையாக முடிகிறது. அந்தத் துவக்கு தற்கொலைக்கும் வழியாகலாம் என்பதை, மனம் நொந்தவர்கள் நிறைந்த எங்கள் வீடுகள் மறக்கக்கூடாது.

ஆகவே வீட்டில் துவக்கு வைத்திருப்பவர் செய்ய வேண்டியவை சிக்கலானவை அல்ல. தோட்டாவைக் கழற்றியே வீட்டுக்குள் கொண்டுவருவது. துவக்கை ஓரிடத்திலும் தோட்டாவை வேறோரிடத்திலும் பூட்டி வைப்பது. பிள்ளைகளுக்குத் திறப்பு இருக்குமிடம் தெரியாமல் பார்ப்பது. குடித்த நாளில் துவக்கைத் தொடாமல் இருப்பது. குடித்தவன் கேட்டால், அவன் தமையனானாலும், கொடுக்காமல் இருப்பது. வீட்டில் ஒருவர் மனம் உடைந்திருக்கும் காலத்தில் துவக்கைச் சட்டப்படி வெளியே ஒப்படைத்துவிடுவது. இவற்றை எந்த அனுமதிப்பத்திரமும் உங்களுக்காகச் செய்யாது.

இதையே அரசிடமும் கேட்க வேண்டும். சீருடையோடு கிராமத்துக்குள் நிற்கும் துவக்கு எந்த நிலையில் நிற்கிறது, அது சுட்டால் யாருக்குப் பதில் சொல்கிறது என்று கேட்கும் உரிமை எங்களுக்கு உண்டு. மதுவரியை வருமானக் கணக்கில் பெருமையாகக் காட்டும் அரசு, அந்த மதுவோடு சேரும் துவக்கின் கணக்கையும் காட்ட வேண்டும். மார்ஷல் என்ற மருத்துவர் இருநூறு வருடங்களுக்கு முன் தன் படையிடம் கேட்டதும் அதுதான்.

கண்டி நகருக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் போகம்பறையைக் கடக்காமல் போக முடியாது. 1876இல் கட்டப்பட்ட சிறைச்சாலை 2014இல் மூடப்பட்டது. எங்கள் பிள்ளைகள் பலரைப் பார்க்க வடக்கிலிருந்தும் மலைத் தோட்டங்களிலிருந்தும் தாய்மார் வந்து காத்துநின்ற இடம் அது. அவர்கள் நின்ற இடத்திலிருந்து புரன் அப்பு சுடப்பட்ட இடம் அதிக தூரமில்லை. அடுத்தமுறை அந்த வழியால் போகும்போது, பிள்ளைகளுக்கு நாய் வரி, துவக்கு வரி என்ற பட்டியலோடு நிறுத்தாமல் இந்தக் கதையையும் சொல்லலாம்.